உடைமுள் உரசின கோடு: கதவுக்கு முழுசா பெயிண்ட் அடிக்கணுமா, பாலிஷ்ல போகுமா?

நாங்குநேரி வண்டி:
அண்ணாச்சிமாரே, கருநீலக் கலர் கார், அஞ்சு வருஷம் ஆச்சு. திசையன்விளை பக்கம் ஒத்த ரோட்டுல பஸ்ஸுக்கு ஒதுங்கினப்ப உடைமுள் உரசி, இடது பக்கம் ரெண்டு கதவுலயும் வெள்ளைக் கோடு விழுந்துட்டு. பெரும்பாலும் மெல்லிசு. கைப்பிடிக்குக் கீழ ஒண்ணு மட்டும் ஆழம். பட்டறையில ரெண்டு கதவும் முழுசா அடிக்கணும்ங்காங்க. எங்கிட்ட பாலிஷ் மெஷின் இல்ல. கையாலயே எடுக்க முடியுமா?

பாளை மெருகு:
முழுக் கதவு அடிக்கிற பேச்சே இப்ப வேண்டாம். கம்பெனி பெயிண்ட் சூட்டு அடுப்புல வெந்து இறுகினது, அதை வீணா இழக்காதீங்க.

முதல்ல ஷாம்பு போட்டுக் கழுவுங்க. அப்புறம் கோட்டு மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க. நனைஞ்சதும் மறைஞ்சா கீறல் கிளியர் கோட்லதான் (கலருக்கு மேல இருக்க நிறமில்லாத பூச்சு), பாலிஷ்ல போயிரும். நகத்தைக் குறுக்க இழுக்கும்போது தட்டுச்சுன்னா முழுசாப் போகாது, மங்கும். உள்ள சாம்பல் பிரைமரோ (கலருக்கு அடியில இருக்க பூச்சு) தகரமோ தெரிஞ்சா, அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் வைக்கிற டச்சப்தான். கிளியர் கோட்டே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அதுல கொஞ்சம் குறையும். அதனால ஆழமான ஒரு கோட்டைத் துரத்தி அந்த இடத்தை மட்டும் தேய்ச்சுக்கிட்டே இருக்காதீங்க.

கைவேலைன்னா நல்ல ஃபோம் அப்ளிகேட்டர் (கையில பிடிச்சுத் தேய்க்கிற பஞ்சு பேடு), பட்டாணி அளவு காம்பவுண்ட் (கீறலைத் தேய்ச்சு எடுக்கிற பசை) நாலு சொட்டு. ஒரு தரத்துக்கு ஒண்ணரை அடிச் சதுரம் போதும். வட்டம் போடாம நேர்க்கோட்டுல, அடுத்து அதுக்குக் குறுக்க, மிதமா அழுத்தித் தேயுங்க. காம்பவுண்ட் காயறதுக்குள்ள மைக்ரோஃபைபர் துணியால துடைச்சிருங்க. அப்புறம் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு துடை. இதை யாரும் செய்றதில்ல, ஆனா இதுதான் முக்கியம். காம்பவுண்ட்ல இருக்க எண்ணெய் கோட்டை நிரப்பி மறைச்சிரும். நாலு வாஷ் போனதும் கோடு திரும்ப வந்து நிக்கும்.

வள்ளியூர் பட்டறை:
மேல சொன்னதுக்கு என் கூடுதல்: வெயில்ல நின்ன கதவைத் தொடாதீங்க. புறங்கை வச்சா சுடக்கூடாது. சூட்டுல காம்பவுண்ட் உடனே காஞ்சு மாவா ஒட்டி, அதுவே புதுக் கீறல் போடும். காலையில எட்டு மணிக்குள்ள, நிழல்ல முடிங்க. ஆனி, ஆடிக் காத்துல நம்ம பக்கம் வெளியில வச்சு பாலிஷ் போடவே கூடாது, பேடுல மணல் ஏறிரும். துணி தரையில விழுந்தா அதோட விட்டுருங்க, உதறி எடுத்துத் துடைக்காதீங்க.

கதவு விளிம்பு, மடிப்புக்கோடு, கறுப்பு பிளாஸ்டிக் பட்டி மூணுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. விளிம்புல பெயிண்ட் மெல்லிசு, அங்கதான் முதல்ல தகரம் தெரியும். பேடுல நீலம் ஏற ஆரம்பிச்சா உடனே நிறுத்துங்க, கிளியர் கோட் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். டூத்பேஸ்ட், பாத்திரம் விளக்கற பொடி ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

நாங்குநேரி வண்டி:
மெல்லிசுக் கோடெல்லாம் போயிட்டு. ஆனா வெயில்ல பார்த்தா அந்த இடம் புகை படிஞ்சாப்ல மங்கலாத் தெரியுது. இன்னும் தேய்க்கணுமா?

பாளை மெருகு:
காம்பவுண்டால இனித் தேய்க்காதீங்க. அது கரடு, அதோட தடம்தான் அந்த மங்கல். கருநீலத்துல எப்பவும் தெரியும், வெள்ளை வண்டியில கண்ணுக்கே படாது. புது பேடுல ஃபினிஷிங் பாலிஷ் (காம்பவுண்டை விட நைசானது) ரெண்டு தரம் போட்டா தெளிஞ்சிரும். பழைய பேடையே எடுத்தீங்கன்னா உள்ள ஊறின காம்பவுண்ட் திரும்பக் கோடு போடும். கடைசியா வாக்ஸ். போர்த் தண்ணியால கழுவினா சொட்டு சொட்டாக் காய விடாதீங்க, உப்புக்கறை அந்தப் பாலிஷைக் கெடுத்திரும்.

வள்ளியூர் பட்டறை:
கைப்பிடிக்குக் கீழ இருக்கதுக்கு டச்சப் பாட்டில் வாங்குங்க. உங்க வண்டிக் கலரோட நம்பர் (கலர் code) கதவுத் தூண்லயோ பானெட் உள்ளயோ ஸ்டிக்கர்ல இருக்கும், கண்ணால பார்த்து வாங்காதீங்க. பள்ளத்தை ஆல்கஹாலால துடைச்சு, பல்குத்தும் குச்சி முனையால பள்ளத்துக்குள்ள மட்டும் வைங்க. ஒரே தரத்துல நிரப்பினா குமிழாப் புடைச்சு நிக்கும். மெல்லிசா ரெண்டு மூணு தரம், ஒவ்வொண்ணும் நல்லாக் காஞ்சபிறகு. மேல கிளியர், மட்டத்துக்கு ஒரு மயிரிழை உசரமா. ஒரு வாரம் விட்டு 2500 நம்பர் வாட்டர் பேப்பரைச் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற ரொம்ப நைசான உப்புத்தாள்) சின்ன ரப்பர் கட்டையில சுத்தி, சோப்புத் தண்ணியில அந்தப் புடைப்பை மட்டும் இறக்குங்க. அப்புறம் காம்பவுண்ட், பாலிஷ். நேர்ப் பார்வைக்குத் தெரியாது, சாய்ச்சுப் பார்த்தா லேசாத் தெரியும்.