முழு உண்மை தெரியுமுன் என்கவுன்ட்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா?

கேள்வி:
என்கவுன்ட்டர் செய்தி வந்த சிறிது நேரத்திலேயே பாதிப் பேர் "சரியான தண்டனை" என்றும், மீதிப் பேர் "அப்பட்டமான கொலை" என்றும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். விசாரணை முடியும்வரை இரு தரப்பும் பொறுத்திருப்பதே முறை என்பது என் எண்ணம். ஆனால் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, அதற்குள் ஊரே மறந்துவிடுகிறது. அப்படியானால் நம் பொறுமை யாருக்குச் சாதகமாகிறது? 2019இல் ஐதராபாத் அருகே நடந்ததை வைத்து யாராவது விளக்கினால் நன்று.

முதல் பதில்:
அந்த ஆண்டு நவம்பர் 27 இரவு ஷம்ஷாபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதான நால்வரும் டிசம்பர் 6 விடியற்காலையில், அவருடைய உடல் எரிக்கப்பட்ட சட்டன்பள்ளிக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். தடயப் பொருள்களை அடையாளம் காட்ட அழைத்துச் சென்றபோது அவர்கள் கல்லாலும் கட்டையாலும் தாக்கி, துப்பாக்கிகளைப் பறித்துச் சுட்டதாகவும், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட நேர்ந்ததாகவும் காவல்துறை கூறியது. அன்றே அங்கு திரண்ட மக்கள் காவலர்கள்மீது பூவிதழ்களைத் தூவினார்கள்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. ஆயுதங்களைப் பறித்தார்கள் என்பது நம்பத்தக்கதல்ல என்றும், கொல்லும் நோக்கத்தோடுதான் காவலர்கள் சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கூறிய ஆணையம், பத்துக் காவலர்கள்மீது கொலைக் குற்றத்துக்காக வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. (ராஜீவ் காந்தி கொலை வழக்கின் புலனாய்வுக்குத் தலைமை தாங்கிய கார்த்திகேயன் அந்த ஆணையத்தின் உறுப்பினர், எனவே காவல்துறையின் நடைமுறை தெரியாதவர்கள் எழுதியது என்று இதை ஒதுக்க முடியாது.) அறிக்கையின்மீது மேல்நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பூத் தூவியவர்களும் அன்று ஒரு தீர்ப்பைத்தான் எழுதினார்கள் என்பதை மறந்துவிட்டு, கண்டித்தவர்களை மட்டும் அவசரக்காரர்கள் என்பது நியாயமில்லை.

இரண்டாம் பதில்:
ஐதராபாத் அறிக்கை காவல்துறைக்கு எதிராக வந்ததால் கண்டிப்பவர்களின் அவசரம் எப்போதும் சரியாகிவிடாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றபோது, அவர் சரணடையக் கையை உயர்த்திய நிலையில் சுடப்பட்டார் என்ற செய்தி நாடு முழுவதும் முழக்கமாகவே மாறியது. அப்படிச் சொன்ன சாட்சியங்கள் தடயங்களோடு பொருந்தவில்லை என்று 2015 மார்ச்சில் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் அறிவித்தது. அதே நாளில் அது வெளியிட்ட இன்னோர் அறிக்கையோ, ஃபெர்குசன் காவல்துறை கறுப்பின மக்களின் உரிமைகளைத் தொடர்ந்து மீறிவந்ததை விரிவாகக் காட்டியது. ஆக, அந்த ஊர் மக்களின் நெடுநாள் குறை உண்மை; குறிப்பிட்ட அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பரவிய கதை நிற்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் தவறு நேர்ந்தது.

மூன்றாம் பதில்:
சுட்டவர் குற்றவாளியா என்பதற்குத்தான் காத்திருக்க வேண்டும். விதிப்படி எல்லாம் நடந்ததா என்று முதல் நாளே கேட்கலாம். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், வேறு காவல் நிலையத்தாரோ சிஐடியோ விசாரிக்க வேண்டும், இரண்டு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனையை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும், சுட்ட ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும், நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணையும் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் வகுத்த நெறிமுறைகள் கூறுகின்றன. இவை நடந்தனவா என்று கேட்பவர் யாரையும் கொலைகாரர் என்று சொல்லவில்லை. நேர்மையாகச் சுட்ட காவலருக்கும் இவைதான் பாதுகாப்பு.

சம்பவம் நடந்த கையோடு பரிசும் பாராட்டும் அறிவிப்பவர்களிடமும் ஒன்று கேட்கலாம். வீரச்செயல்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகும்வரை, சம்பந்தப்பட்ட காவலர்களுக்கு முறை தாண்டிய பதவி உயர்வோ வீர விருதோ தரக்கூடாது என்பதும் அதே நெறிமுறைகளில்தான் இருக்கிறது.