வில் வளையத்துக்குள் போகவில்லை, நாளை மறுநாள் போட்டி, யாராவது சொல்லுங்கள்

ஒற்றைநாண்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். நாளை மறுநாள் போட்டி. இன்று பயிற்சிக்கு வந்த ஒருவர் கருவிச் சோதனை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் என்று ஒரு வளையத்தை எடுத்து என் வில்லில் மாட்டினார், பாதியிலேயே நின்றுவிட்டது. "இதை உள்ளே விட மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குறி பார்க்கும் சைட், இழுத்த அளவைச் சொல்லும் கிளிக்கர், வில்லை ஆடாமல் வைக்கும் நீளக் கம்பி எல்லாம் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. இன்னும் எதைக் கழற்ற வேண்டும்? கைப்பிடி இருக்கும் நடுப்பகுதியான ரைசரையே மாற்ற வேண்டுமா?

தையல்எண்ணி:
எந்தப் பிரிவு? எந்த அமைப்பின் விதி? வளையம் எந்த இடத்தில் நின்றது? நாண் மாட்டியிருந்ததா, கழற்றியிருந்ததா? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே.

வளைகை:
எனக்குத் தெரிந்து, ரைசருக்கு மேலும் கீழும் வளைகிற லிம்ப்தான் காரணம். நீள லிம்ப் என்றால் வளைவு அதிகம், அதுதான் இடிக்கும். யாரிடமாவது சின்ன லிம்ப் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

பழையஅம்பு:
பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன், போட்டிக்கு இரண்டு நாள் முன்புதான் எல்லோருக்கும் விதி ஞாபகம் வரும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிநூல், மூன்றாம் புத்தகம், 11ஆம் அத்தியாயம். இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒற்றைநாண்:
பேர்போ, துணைக்கருவி இல்லாத வெறும் வில். சைட் இல்லை என்றாலே புரியும் என்று நினைத்தேன். உலகக் கூட்டமைப்பு விதிதான். நாண் மாட்டித்தான் இருந்தது, கழற்ற வேண்டுமா?

தையல்எண்ணி:
சைட் இல்லாமல் எய்கிற பிரிவு லாங்போ, டிரெடிஷனல் என்று இன்னும் இருக்கிறது, அதனால்தான் கேட்டேன். நாணைக் கழற்றித்தான் சோதிப்பார்கள். நாண் மாட்டிய வில்லில் நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மட்டும் 20 செ.மீ.க்கு மேல் இருக்கும், வளையத்தின் உள்விட்டமோ 12.2 செ.மீ., எப்படிப் போகும்? உங்களுக்குச் சோதித்துக் காட்டியவருக்கே அது தெரியவில்லை போலிருக்கிறது. கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். வீட்டில் பழைய சிடி இருந்தால் அது 12 செ.மீ., அதைவிட 2 மில்லிமீட்டர் பெரிய ஓட்டை. கெட்டி அட்டையில் காம்பஸை 6.1 செ.மீ. வைத்து வட்டம் போட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

வளைகை:
அப்போதும் லிம்ப்தான் இடிக்கும், பாருங்கள்.

ஒற்றைநாண்:
நாண் கழற்றி அட்டையில் பார்த்தேன். லிம்ப் இரண்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. கைப்பிடிக்குக் கீழே வெயிட் இருக்கும் இடத்தில் நிற்கிறது.

தையல்எண்ணி:
வெயிட்டா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! என்ன வெயிட், எப்படி மாட்டியிருக்கிறீர்கள்?

ஒற்றைநாண்:
நீளக் கம்பி இருந்த ஓட்டையில் ஒரு சின்ன எக்ஸ்டென்டர், அதாவது நீட்டிப்புத் துண்டு, ஒரு இஞ்சுதான். அதன் நுனியில் ரப்பர் டேம்பர், அப்புறம் வட்டத் தட்டு இரண்டு. கம்பி இல்லையே, அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

தையல்எண்ணி:
அதேதான் பிரச்சினை. பேர்போவில் வெயிட் போடலாம், ஆனால் ரைசரோடு நேராக ஒட்டி உட்கார வேண்டும். கம்பி, எக்ஸ்டென்டர், கோணம் மாற்றும் இணைப்பு, அதிர்வை வாங்கும் ரப்பர், எதுவும் நடுவில் வரக்கூடாது. ரைசரோடு சேர்ந்தே வருகிற டேம்பர் வேறு கதை, அதற்குத் தடை இல்லை. ஆக, உங்கள் எக்ஸ்டென்டர் கால் இஞ்சாக இருந்து வளையம் தாண்டினாலும் நடுவர் கையில் மாட்டும். வளையம் தாண்டினால் எல்லாம் சரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சைட், கம்பி எல்லாம் வைத்து எய்யும் ரிகர்வ் பிரிவிலிருந்து வந்தவர் போலத் தெரிகிறது, நாணில் உதட்டுக்கோ மூக்குக்கோ பொட்டு ஏதாவது இருக்கிறதா? அங்கே ஒன்று வைத்துக்கொள்ளலாம், இங்கே கூடாது. இழுத்துப் பிடிக்கும்போது, நாணின் மேல் சுற்றிய நூலான சர்விங் முடிகிற இடமும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. விரலில் மாட்டும் தோல் டேபில் பேனாவால் தனித்துத் தெரிகிற கோடு போட்டிருந்தால் அதுவும் போச்சு. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவத்தில் தையலோ கோடோ இருக்கலாம், ஐந்தாவது தையலுக்கு மட்டும் சிவப்பு என்பதெல்லாம் நடக்காது.

மரஅம்பு:
இதுதான் எனக்குப் புரியாத விஷயம். டேபின் தையலை எண்ணி, தூரத்துக்குத் தகுந்தபடி நாணில் விரலைக் கீழே இறக்கிப் பிடிப்பதும் ஒரு சைட்தானே? அதை அனுமதித்துவிட்டு, பாவம், ஒரு ரப்பர் துண்டுக்குத் தடையா? இதில் 'பேர்' எங்கே இருக்கிறது?

பழையஅம்பு:
அதற்குப் பெயர் ஸ்ட்ரிங் வாக்கிங். அது பிடிக்காதவர்களுக்காகத்தான் லாங்போ இருக்கிறது, மர அம்பு, இயற்கை இறகு. அங்கே விரலை இறக்கவும் முடியாது, முகத்தில் கையை வைக்கும் இடத்தை மாற்றவும் முடியாது. போய்ச் சேருங்கள்.

மரஅம்பு:
சேர்ந்துதான் இருக்கிறேன், பெயரைப் பார்த்தாலே தெரியாதா? நான் கேட்டதற்குப் பதில் அது இல்லை.

கப்பிக்காரன்:
கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்கு வாருங்கள் எல்லோரும். நாணில் பார்வைத் துளையான பீப், லென்ஸ், மட்டம் பார்க்கும் குமிழ், நாணை விடுவிக்கும் ரிலீஸ் எல்லாம் வைத்துக்கொண்டு நிம்மதியாக எய்யலாம். இழுவிசை 60 பவுண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மரஅம்பு:
அதற்குத் துப்பாக்கியே வாங்கிக்கொள்ளலாம்.

தையல்எண்ணி:
ஆரம்பித்துவிட்டார்களா. எய்து பார்க்காதவர்கள்தான் ஸ்ட்ரிங் வாக்கிங்கை ஏமாற்று என்பார்கள். விரலை இறக்க இறக்க மேல் லிம்பும் கீழ் லிம்பும் ஒரே சீராக வேலை செய்யாது, அம்பு கிளம்புகிற விதமே மாறும், ஒவ்வொரு தூரத்துக்கும் மறுபடி பழக வேண்டும். கிளிக்கரும் கிடையாது, எவ்வளவு இழுத்தோம் என்று முதுகுதான் சொல்ல வேண்டும். இலக்குப் போட்டியில் 50 மீட்டரில் 122 செ.மீ. தாளில் எய்கிறோம், ரிகர்வுக்கு அதே தாள் 70 மீட்டரில். அந்த 20 மீட்டர் வித்தியாசம் சும்மா வரவில்லை.

பழையஅம்பு:
மேடு பள்ளத்தில் நடக்கும் ஃபீல்டு போட்டியில் எய்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். தட்டை மைதானத்தில் நின்று எய்வது பெரிதில்லை.

தையல்எண்ணி:
ஐயா, அவர் கேட்டது வெயிட்டைப் பற்றி.

ஒற்றைநாண்:
எக்ஸ்டென்டரும் ரப்பரும் எடுத்துவிட்டேன். தட்டை நேராக முடுக்கியதும் அட்டை வளையம் உரசிக்கொண்டே நின்றது, இரண்டில் ஒன்றைக் கழற்றினேன், தாண்டிவிட்டது. நாணில் பொட்டு இருந்தது, பிளேடால் சுரண்டி எடுத்தாச்சு, உதடு அதைத் தேடுகிறது. அம்பு விட்டதும் வில் மேலே துள்ளுகிறது, பழகிவிடும் என்று நினைக்கிறேன். நன்றி.

வளைகை:
சின்ன லிம்ப் போட்டால் துள்ளாது.

தையல்எண்ணி:
அம்பில் எல்லாம் பெயர் எழுதிவிட்டீர்களா? நாணில் மாட்டும் பின்நுனி, நாக், எல்லாம் ஒரே நிறமா? அப்புறம் அந்த டேபில் கோடு இருந்ததா இல்லையா, சொல்லவே இல்லையே.

மரஅம்பு:
போட்டி முடிந்து நான்கு நாள் ஆயிற்று. உள்ளே விட்டார்களா?