தக்கலையா, முத்தலக்குறிச்சியா? எட்டு சீட் சாஃப்ட்வேர் அலுவலகத்துக்கு எந்த மானியம்?

வேளிமலைச் சாரல்:
வணக்கம். வெப்சைட், மொபைல் ஆப் செய்து கொடுக்கும் சிறு அலுவலகம் ஒன்று தொடங்கத் திட்டம். எட்டு சீட், முதலில் ஆறு பேர். திட்டச் செலவு 18 லட்சம். லேப்டாப் எட்டுக்கு 4.8, மானிட்டர் 0.8, யுபிஎஸ் பேட்டரி 0.7, நெட்வொர்க்கும் பேக்கப் பெட்டியும் 1.2, மேசை நாற்காலி, தடுப்பு, வயரிங் 3, ஏசி 1. இது 11.5 ஆயிற்று. மீதி 6.5 நடைமுறை மூலதனம்: மூன்று மாதச் சம்பளம் 4.5, வாடகை, கரண்ட் வகையில் 2.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இடம் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தக்கலையில் மெயின் ரோட்டுக் கட்டிடம். இன்னொன்று முத்தலக்குறிச்சியில் ஒரு வீட்டின் மாடி, வாடகை பாதிதான். வேலை பெரும்பாலும் திருவனந்தபுரம் கம்பெனிகளிடமிருந்து வரும், கொஞ்சம் வெளிநாட்டு வேலையும் உண்டு.

கேள்விகள்: மத்திய அரசின் மானியக் கடன் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யா, தமிழக அரசின் நீட்ஸா? நான் பி.சி., அதனால் பொதுப் பிரிவுக் கணக்குதானே? பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிந்து ஸ்டார்ட்அப் சலுகையும் சேர்த்து வாங்கலாமா? ஜிஎஸ்டி உடனே எடுக்கணுமா? லேப்டாப்பை இப்போது ஆஃபரில் வாங்கிப் போட்டுவிடலாமா?

கோணம் கோப்பு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்காதீர்கள். கடன் அனுமதிக்கு முன் வாங்கிய எதுவும் திட்டச் செலவில் ஏறாது. அதோடு பி.எம்.இ.ஜி.பி. புதிய தொழிலுக்கு மட்டும். பில் பழைய தேதியில் இருந்தால் 'ஏற்கெனவே நடக்கிற தொழில்' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

பி.சி. என்றால் பொதுப் பிரிவு என்பது இங்கே பலருக்கும் உள்ள தப்பான எண்ணம். பி.எம்.இ.ஜி.பி.யில் ஓ.பி.சி., சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் படைவீரர் எல்லோரும் சிறப்புப் பிரிவு. நம்ம மாவட்டத்தில் விண்ணப்பிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதற்குள் வந்துவிடுவார்கள். சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தோடே ஏற்றணும். பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பொதுப் பிரிவாகவே போய்விடும்.

இப்போது கணக்கு. சேவைத் தொழிலுக்கு உச்சவரம்பு 20 லட்சம், உங்கள் 18 அதற்குள் அடங்கும். சிறப்புப் பிரிவுக்குச் சொந்தப் பணம் 5 சதவீதம், அதாவது 90,000. வங்கி தருவது 17.1 லட்சம். மானியம் கிராமப்புறம் என்றால் 35 சதவீதம், 6.3 லட்சம். நகர்ப்புறம் என்றால் 25 சதவீதம், 4.5 லட்சம். தக்கலை பத்மநாபபுரம் நகராட்சிக்குள் வருகிறது, முத்தலக்குறிச்சி ஊராட்சி. ஆக இடத்தால் மட்டும் 1.8 லட்சம் வித்தியாசம். வேர்கிளம்பி, குலசேகரம் மாதிரிப் பார்க்கக் கிராமமாக இருக்கும் இடங்கள் எல்லாம் பேரூராட்சி. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்தாலும் நகர்ப்புறம் என்று எடுத்துவிட வாய்ப்பு உண்டு. வாடகை ஒப்பந்தம் போடும் முன் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் அந்தச் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

நீட்ஸில் 10 லட்சத்துக்குக் குறைந்த திட்டம் எடுக்க மாட்டார்கள். மானியம் 25 சதவீதம், கூடவே 3 சதவீத வட்டிச் சலுகை. நகரம், கிராமம் என்ற பேதம் இல்லை. மானியம் போக 12.6 லட்சம், ஐந்து வருடத் தவணை என்று வைத்தால் வட்டியில் மிச்சமாவது தோராயமாக 1 லட்சம். எனவே தக்கலை என்றால் நீட்ஸ், முத்தலக்குறிச்சி என்றால் பி.எம்.இ.ஜி.பி. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

மானியம் கையில் வரும் பணம் இல்லை என்பதையும் மனசில் வையுங்கள். உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று வருடம் பூட்டிய டெபாசிட்டாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு வட்டி போடவும் கூடாது. முதல் வருட ஸ்டேட்மெண்டை உட்கார்ந்து பாருங்கள், சில கிளைகளில் 17.1 முழுவதுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். எழுதிக் கொடுத்தால் திருத்துவார்கள். மூன்று வருடம் கழித்து நேரில் வந்து பார்த்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள்.

சாஃப்ட்வேர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் நடைமுறை மூலதனம். அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது கேஷ் கிரெடிட் (தேவைக்கு எடுத்துத் திரும்பக் கட்டும் கடன்) வரம்பை முழுவதுமாகத் தொட்டிருக்க வேண்டும், சராசரிப் பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 6.5 லட்சம் வாங்கிவிட்டு 2 லட்சத்தை மட்டும் சுழற்றினால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திரும்பப் பிடிப்பார்கள். உங்கள் வேலைக்கு 4.5 போதும் என்றால் அதை மட்டும் போடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது: யார் வீட்டிலாவது கல்விக் கடன் பாக்கி நின்றால், அதில் நீங்கள் கடன்தாரரோ இணைக் கடன்தாரரோ என்றால், முதலில் அதை முடியுங்கள். சிபில் அறிக்கையில் அது தெரிந்தால் மேனேஜர் திட்ட அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

கோட்டாறு கணக்கர்:
மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. கம்பெனி விஷயம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பி.எம்.இ.ஜி.பி.யும் ஸ்டார்ட்அப் சலுகையும் முட்டுகின்றன.

பி.எம்.இ.ஜி.பி. தனிநபருக்கு. பிரைவேட் லிமிடெட் பெயரில் கேட்க முடியாது. ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரமோ பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பதிவு செய்த பங்குதாரர் நிறுவனம் போன்றவற்றுக்குத்தான். தனியுரிமைக்கு, அதாவது ஒருவரே உரிமையாளராக நடத்தும் தொழிலுக்கு, கிடையாது. வாடிக்கையாளர் சொன்னபடி வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலை அவர்கள் புதுமை என்று ஏற்பதும் கஷ்டம். மூன்று வருட வருமான வரி விலக்கு அங்கீகாரத்தோடு தானாக வருவதும் இல்லை, அதற்குத் தனி வாரியத்தின் சான்று வேண்டும். சொந்தத் தயாரிப்பு ஒன்று கையில் வரும்போது திருநெல்வேலியில் உள்ள தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். மையத்தில் போய்ப் பேசுங்கள். இப்போதைக்குத் தனியுரிமை போதும்.

ஜிஎஸ்டி: வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை கட்டாயம் இல்லை. கேரளாவுக்கு பில் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே எடுக்கணும் என்பது பொருள் விற்பவர்களுக்கான விதி. சேவைக்கு 2017லேயே விலக்கு வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் கணக்கில் நான் எடுக்கச் சொல்வேன், அதுவும் கடன் அனுமதிக்குப் பிறகு, லேப்டாப் பில்லுக்கு முன். காரணம் லேப்டாப், மானிட்டர், யுபிஎஸ், நெட்வொர்க் சேர்ந்த 7.5 லட்சத்தில் சுமார் 1.14 லட்சம் வரி. பதிவுக்கு முன் வாங்கிய மூலதனப் பொருளுக்குப் பிற்பாடு அந்த வரியைக் கழிக்க முடியாது. திருவனந்தபுரம் பில்களில் வரும் 18 சதவீத ஐஜிஎஸ்டியில் (வெளிமாநில பில்லுக்கான ஜிஎஸ்டி) இதைக் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டாமல் முழுக்க ஏற்றுமதி செய்பவருக்கு இந்த வழி இல்லை, ஏனென்றால் ரீஃபண்ட் கணக்கில் மூலதனப் பொருளைச் சேர்க்க மாட்டார்கள்.

வெளிநாட்டு பில்லுக்கு முன் ஜிஎஸ்டி போர்ட்டலில் எல்.யு.டி. போடுங்கள், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதம் அது. பத்து நிமிட வேலை, கட்டணம் இல்லை, மார்ச் 31 வரை செல்லும். ஏப்ரலில் மறந்துவிட்டால் மாதம் 3 லட்சம் பில்லுக்கு 54,000 கட்டி, பிறகு ரீஃபண்டுக்குக் காத்திருக்கணும். பணம் உரிய கெடுவுக்குள் அந்நியச் செலாவணியில் வந்து சேர வேண்டும், வங்கியின் வரவுச் சான்றை ஒவ்வொரு பில்லோடும் சேர்த்து வையுங்கள்.

திருவனந்தபுரம் ஐ.டி. வளாகமான டெக்னோபார்க்கில் உள்ள கம்பெனி அமெரிக்க வேலையை உங்களிடம் உள்குத்தகைக்குக் கொடுத்து ரூபாயில் தந்தால் உங்களுக்கு அது ஏற்றுமதி ஆகாது. 18 சதவீதம் போட்டே ஆகணும். அந்தக் கம்பெனி சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கும் யூனிட் என்றால் மட்டும் எல்.யு.டி.யில் வரியில்லாமல் போடலாம். ஒரே வளாகத்தில் இரண்டு வகையும் உண்டு. முகவரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் வகை தெரியும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். தேடினால் மேலே வரும் தனியார் தளங்கள் 2,000, 3,000 கேட்கும். கொடுக்காதீர்கள். என்.ஐ.சி. எண் (தொழில் வகைக் குறியீடு) 62011, வெப்சைட் வேலைக்கு 62012. தெரியாமல் கம்ப்யூட்டர் விற்பனைக் குறியீட்டைப் போட்டால் வணிகர் ஆகிவிடுவீர்கள், வாடிக்கையாளர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்ற பாதுகாப்பு போய்விடும். என்னைக் கேட்டால் மானியத்தைவிடப் பெரிய உதவி இந்த 45 நாள்தான். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதற்கு மேல் அவர்கள் தவணை கேட்க முடியாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. வழக்கு வரைக்கும் போக வேண்டியதில்லை. மார்ச் மாதம் உத்யம் எண்ணோடு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள் போதும். தவணை தாண்டிய பாக்கியை அவர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்பதால் ஆடிட்டரே பணத்தை அனுப்பச் சொல்வார். பதிவு மட்டும் முதல் ஆர்டருக்கு முன்னால் இருக்கணும்.

கேபிள் பெட்டி:
மாடி வீடு என்றீர்களே, அது வீட்டு இணைப்பா? வீட்டு மீட்டரில் அலுவலகம் நடத்தினால் மின்சாரச் சட்டம் 126வது பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள், நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயரில் போகும். மாடிக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். அதிலும் கேட்காமல் விட்டால் கடைக்குரிய ஐந்தாம் கட்டண வகைதான் வரும். சாஃப்ட்வேர் உருவாக்கம் என்று காட்டி, தொழில்களுக்கான 3பி கட்டண வகை கேட்டு எழுதிக் கொடுங்கள், உத்யம் நகலையும் வையுங்கள். கால் சென்டர், டேட்டா என்ட்ரி மாதிரி வேலை என்றால் 3பி எதிர்பார்க்க வேண்டாம்.

யுபிஎஸ்: லேப்டாப் 65 வாட் எட்டு, மானிட்டர் 25 வாட் எட்டு, ரவுட்டர் வகை 30. மொத்தம் 750 வாட். 1 கே.வி.ஏ. மூச்சு முட்டும், 2 கே.வி.ஏ. எடுங்கள். 150 ஏ.ஹெச். பேட்டரி இரண்டு போட்டால் மூன்று மணி நேரம் தாங்கும். ஏசியை அதில் கோர்க்கவே கூடாது. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மரம் லைனில் விழும் நாளுக்குத்தான் இது.

நெட்டுக்கு முத்தலக்குறிச்சி மோசமில்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணையம் தரும் பாரத்நெட் வேலையை 2022 ஜூனில் தொடங்கி வைத்ததே அந்த ஊரில்தான். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்தது உங்கள் மாடி வரை வந்ததாக ஆகாது. எந்தக் கம்பெனி லைன் எடுத்தாலும் இரண்டு எடுங்கள். இரண்டும் ஒரே கரண்ட் போஸ்ட் வழியாக வந்தால் ஒரு தென்னை மட்டைக்கு இரண்டும் போகும். ஒன்று ஃபைபர், இன்னொன்று மொபைல் டவர் வழி என்று வையுங்கள்.

வேளிமலைச் சாரல்:
அண்ணாச்சிமாரே, நன்றி. லேப்டாப் ஆஃபரை விட்டுவிட்டேன். முத்தலக்குறிச்சியைத்தான் பிடிக்கப் போகிறேன். இன்னும் ஒரே சந்தேகம்: வாடகையைத் திட்டச் செலவில் சேர்க்கலாமா? வீட்டுக்காரர் அட்வான்ஸ் இப்போதே கேட்கிறார்.

கோணம் கோப்பு:
வாடகையை மூன்று வருடம் வரை சேர்க்கலாம், இடம் வாங்கும் விலையைத்தான் சேர்க்கக் கூடாது. அட்வான்ஸ் முழுவதும் கொடுக்க வேண்டாம். கடன் அனுமதி வந்த பிறகு ஒப்பந்தம் என்று ஒரு சம்மதக் கடிதம் வாங்கி, அதோடு வீட்டு வரி ரசீது நகலையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். ரசீதில் ஊராட்சியின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள், 35 சதவீதத்துக்கு அதுவும் ஒரு ஆதாரம்.