நமக்காகப் பேசிய குடும்ப டாக்டர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கும்பகோணத்துக்காரன்

எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு 78 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன வருஷம் திடீரென்று விடியற்காலையில் குழற ஆரம்பித்தார், அம்மாவைப் பார்த்தே யார் என்று கேட்டார், சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், காபி குடித்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, வயசானால் வரும் மறதி என்று சொல்லி அதற்கும் ஒரு மாத்திரை எழுதினார்கள். நாங்கள் வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது.

நம்ம டாக்டர் ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை. "வீட்டில இருக்கிற எல்லா மாத்திரையையும், காலி அட்டை உள்பட, ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க தம்பி" என்றார். மேஜையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். சர்க்கரை டாக்டர் எழுதியதில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரையைக் குறைக்கும் மருந்து இருந்தது. நெஞ்சுவலிக்கு அட்மிட் ஆகி வந்தபோது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய மாத்திரையும், கம்பெனிப் பெயர்தான் வேறு, அதே கிளிமிபிரைடு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் 1.9, இருக்க வேண்டியதைவிட அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து சீக்கிரம் வெளியேறாமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், ராத்திரிச் சாப்பாடும் குறைந்தால் விடியற்காலையில் இப்படித்தான் ஆகும் என்று நிதானமாகச் சொன்னார். 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மறுபடி குழறியபோது குளுக்கோமீட்டரில் பார்த்தோம், 48.

இதைக் கண்டுபிடித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் எதிரிலேயே அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் அவசரம் போல, பேச்சை முடிக்கப் பார்த்தது இங்கே எங்களுக்கே கேட்டது. இவர் குரலை உயர்த்தவில்லை, விடவும் இல்லை. "கிரியாட்டினின் பார்த்துட்டுச் சொல்லுங்க சார், நான் லைன்லயே இருக்கேன்" என்றார். இரண்டு அட்டைகளையும் நிறுத்தி வேறு மருந்து மாற்றும் வரை போனை வைக்கவில்லை. எங்களால் அந்த அறையில் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை, எங்களுக்காக அவர் கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், தனக்குப் புத்தி போய்க்கொண்டிருக்கிறது என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் பாஸ்புக், பத்திரம் எல்லாம் எடுத்து அம்மா பெயர் எழுதிக் கட்டி வைத்திருந்தார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல, மாத்திரைதான் ஜாஸ்தியாப் போச்சு" என்றார். அப்பா ரொம்ப நேரம் அவர் கையை விடவே இல்லை. வந்ததற்கு டாக்டர் காசு வாங்கவில்லை.

ஈஸ்ட்ஹாம் பிள்ளை

லண்டனில் ஜிபி, அதாவது நம் குடும்ப டாக்டர், கடிதம் தராமல் பெரிய டாக்டரைப் பார்ப்பது கஷ்டம், அந்த ஜிபியிடமும் ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது எனக்கு 11 வயது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, மொழிபெயர்க்க நான்தான் போனேன். அந்த டாக்டர் என்னைப் பார்த்ததும், இது பிள்ளை சுமக்க வேண்டிய விஷயம் இல்லை என்று சொல்லி என்னை வெளியே நர்சிடம் உட்காரவைத்துவிட்டு, போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, வெளியே ஆட்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, அம்மாவுக்கு எல்லாம் விளங்கும் வரை கதைத்தார். புற்றுநோய் சந்தேகம் என்றால் இரண்டு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. தேதி தவறப்போகிறது என்று கவனித்து ஆஸ்பத்திரிக்கு போன் அடித்துக் கேட்டதும் அவர்தான். அம்மா இன்றைக்கு என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறார்.

வியாசர்பாடி

எங்கள் பகுதியில் திருவேங்கடம் டாக்டரைத் தெரியாத வீடு கிடையாது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1973இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, பின்னால் வாங்கியதும் ஐந்து ரூபாய்தான். 2020 ஆகஸ்ட் 15 அன்று காலமானார். எங்கள் ஆயாவுக்கெல்லாம் ஆஸ்பத்திரி என்றாலே பயம். ஐந்து ரூபாய் டாக்டர் என்றால் மட்டும் தானே கிளம்பிவிடும். காசைப் பார்த்துக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை, எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

கும்பகோணம் அண்ணே, இரண்டு டாக்டரும் ஒரே மருந்தைத் திரும்ப எழுதாமல் இருக்க உங்கள் டாக்டர் ஏதாவது வழி சொன்னாரா? எங்கள் அம்மாவும் மூன்று இடத்தில் காட்டுகிறார்.

கும்பகோணத்துக்காரன்

சொன்னார். அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரே பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக. கீழே கிரியாட்டினின் அளவும் தேதியும், நிறுத்திய மருந்தும், ஏன் நிறுத்தினார் என்பதும். எங்கே போனாலும் முதலில் அதை நீட்டச் சொல்லியிருக்கிறார். உங்கள் டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள், எழுதித் தருவார்.