புளியில் ஊறி விளக்கு சிவந்துபோன அனுபவம் யாருக்காவது உண்டா?

மாயவரத்து மருமகள்:
கார்த்திகைக்கு முதல் நாள். எனக்குச் சீராக வந்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, உச்சியில் அன்னம் வைத்தது. நாத்தனார் புளியைக் கரைத்து அப்பி, "ஊறட்டும் அண்ணி" என்று கொல்லையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். விடிந்து கழுவினால் தண்டு பூராவும் செப்புக்குடம் மாதிரி சிவப்பு! எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்த இடம் மட்டும் பழைய மஞ்சள். திட்டுத்திட்டாக, பார்க்கவே சகிக்கவில்லை. மாமியார் வாயே திறக்கவில்லை. கதம்பத்தை எடுத்து அடியிலிருந்து அன்னத்தின் கழுத்து வரை சுற்றிவிட்டு விளக்கேற்றினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாத்திரக்கடைப் பேரன்:
புளிமேல பழி போடாதீங்க. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். புளிப்புல ராத்திரி பூரா கிடந்தா மேல்பரப்புத் துத்தநாகம் முதல்ல கரைஞ்சுபோகும், செம்பு தங்கிடும். அதான் அந்தச் சிவப்பு. பெரியம்மா வீட்டுல ஈயம் தேஞ்ச அண்டாவுல கல்யாண ரசத்தை அப்படியே விட்டுட்டாங்க, காலையில ரசம் நின்ன கோட்டுல பச்சைக் களிம்பு. அதே புளிப்புதான்.

செய்ய வேண்டியது இது. முதல்ல பிசுக்கு போகணும்: கொதிக்கிற தண்ணியில சலவைச் சோடா போட்டு ஊற வைங்க, அன்னத்தோட கழுத்து இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். பிசுக்கு இருக்கிற இடத்துல புளி ஏறாது, திட்டு விழுந்தது அதனாலதான். அப்புறம் புளியும் கல்லுப்பும் சேர்த்து, தேங்காய் நாரால தேய்ச்ச கையோட கழுவிடணும். தானா காயட்டும்னு விடக்கூடாது, நீர்த்துளி நின்ன இடமெல்லாம் புள்ளி விழும். வேட்டித் துணியால ஒத்தி எடுத்து, திருநீறு தொட்டுத் துடைங்க. இப்ப இருக்கிற சிவப்புக்குச் சலிச்ச செங்கல் பொடி போட்டு அழுத்தித் தேய்ச்சா மஞ்சள் வெளிய வரும். புது விளக்குன்னா கறுக்காம இருக்க லாக்கர்னு ஒரு நிறமில்லாத வார்னிஷ் பூசியிருப்பாங்க. அது முழுசா உரியாம எதைப் போட்டாலும் வீண்.

ஆச்சி வீட்டுக் குடம்:
அடுத்து யாராவது "பஃப் போடக் கொடுங்க" என்பார்கள், அதாவது பட்டறையில் சுழலும் சக்கரத்தில் வைத்து மெருகேற்றுவது. கொடுக்காதீர்கள். எங்கள் ஆச்சியின் குடத்துக் கழுத்தில் அவர் பெயரை உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. பட்டறையிலிருந்து கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது, பெயரைக் காணோம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் 'லெ' மட்டும் லேசாகத் தெரிகிறது. கேட்டதற்கு, "அழுக்குன்னு நெனச்சேன் சார், புதுசாட்டம் ஆயிடுச்சுல்ல?" என்கிறார் அந்த ஆள். சண்டை போடக்கூட வாய் வரவில்லை.

திண்ணை:
இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் எங்கள் அத்தையுடையது. வாசலில் பாலிஷ் பவுடர் விற்க வந்தவன் காமாட்சி விளக்கைச் சும்மாவே தேய்த்து மின்ன வைத்தான். அடுத்து, "சங்கிலியக் கழட்டுங்கக்கா, அழுக்கா இருக்கு." மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு ஆட்டி ஆட்டி எடுத்துக் கொடுத்தான். நகைக்கடையில் எடை போட்டபோதுதான் தெரிந்தது, தண்ணீரோடு தங்கத்தையும் கொண்டுபோய்விட்டான் என்று. ராஜ திராவகமாம், தங்கத்தையே கரைக்குமாம். அத்தைக்கு இன்னும் ஆறாதது சங்கிலி போனதில்லை. அவனுக்கு மோர் கொடுத்தாராம், அதுவும் பெருங்காயம் போட்டு!

பாத்திரக்கடைப் பேரன்:
தங்கத்துக்குத் தனியா ஒரு இழை போடுங்க சார், இங்க கேள்வி விளக்கைப் பத்தி. குடத்துக்காரரே, பஃப்பைக் குறை சொல்லாதீங்க, பேர் இருக்குன்னு சொல்லிக் கொடுத்திருந்தா கழுத்தை விட்டுட்டுப் போட்டிருப்பாங்க. மருமகளே, செங்கல் பொடி போட்டுப் பார்த்தீங்களா?

மாயவரத்து மருமகள்:
செங்கலுக்கு எங்கே போக? தெருவில் வீடு கட்டுகிறார்கள், அத்தனையும் ஹாலோ பிளாக்.