புதுப்பிப்பு: சித்தப்பாவின் கால் வழக்கு

சத்திரசிகிச்சையில் பிழை நடந்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் நட்டஈடு இல்லை என்றுவிட்டது, மேலே போகலாமா என்று கேட்டிருந்தேன். போகிறோம். 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுத்தாயிற்று. தீர்ப்பிலிருந்து 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு.

சட்டத்தரணி அக்கா முதலில் காட்டியது பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கு: ஒரு பிள்ளை இறந்ததற்காக அந்தக் குழந்தை மருத்துவர் மேல் தகப்பன் போட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்தது, மேன்முறையீட்டில் அது குறைந்தது. 2001இல் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றமோ கவனக்குறைவு சரி, ஆனால் பிள்ளை இறந்தது அதனால்தான் என்று நிரூபிக்கவில்லை என்று ஒரு சதமும் இல்லாமல் ஆக்கியது. எங்களுக்கும் அங்கேதான் இடறல்.

மேன்முறையீட்டில் புதுச் சாட்சியத்துக்கு லேசில் இடமில்லையாம். கையிலிருப்பது வார்டுக் குறிப்பு: ‘விரல் நீலம்’ (இரத்த ஓட்டம் குறைந்ததன் அடையாளம்), கீழே கையொப்பம் இல்லை. அதைத்தான் பிடிக்கப்போகிறோம்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போடலாம் என்று கேட்ட தம்பிக்கு: வழக்குப் போடவே 2 வருடம்தான். பிந்தவேண்டாம்.