லிவர்பூல் டிஃபென்ஸுக்கு என்னதான் ஆச்சு? ஏழு மேட்ச்ல ஒம்பது கோல் வாங்கியாச்சு

மதுரை_ரெட்:

நேத்து ராத்திரி (2025 அக்டோபர் 4) செல்சி மேட்ச் முடிஞ்சதுல இருந்து இதே நெனப்புதான், தூங்கவே முடியல. சாம்பியன்ஸ் லீக்ல துருக்கி டீம் கலாதசராய் கூட ஆடுன மேட்சையும் சேத்தா கிரிஸ்டல் பேலஸ், கலாதசராய், செல்சின்னு வரிசையா மூணு தோல்வி. லீக்ல மட்டும் பாத்தா 7 மேட்ச்ல 9 கோல் வாங்கியிருக்கோம், கோல் வாங்காம முடிச்சது ஆர்சனல் கூடயும் பர்ன்லி கூடயும்தான். போன சீசன் 38 மேட்ச்சுக்கு மொத்தமே 41 கோல்தான், நாலு மேட்ச் மிச்சம் இருக்கும்போதே சாம்பியன் ஆன டீம் இது.

எனக்குப் புரியாதது என்னன்னா வான் டைக் அதே ஆளு, கொனாட்டே அதே ஆளு, கலாதசராய் மேட்ச்ல அடிபடுற வரைக்கும் ஆலிசனும் இருந்தாரு, கோச் ஸ்லாட்டும் மாறல. அப்புறம் எப்படி போர்ன்மத் நம்ம சொந்த கிரவுண்ட் ஆன்ஃபீல்டுக்கே வந்து ரெண்டு அடிக்குறான், பத்து பேரா ஆடுன நியூகாசில் ரெண்டு அடிக்குறான்? கொனாட்டே ஃபார்ம்ல இல்லங்குறது கண்ணுக்குத் தெரியுது, ஆனா எல்லாத்தையும் ஒரே ஆள் தலையில போட மனசு வரல. புதுசா எடுத்த ஆளுங்க தப்பா, சிஸ்டம் தப்பா, இல்ல வேற ஏதாவதா? கூர்ந்து பாக்குறவங்க கொஞ்சம் விளக்குங்க.

ஆறாம்நம்பர்:

நண்பா, என்னைக் கேட்டா பின்னாடி நிக்கிற நாலு பேருக்கும் இதுக்கும் சம்பந்தம் கம்மிதான். ஒவ்வொரு கோலையும் பந்து வலைக்குள்ள போற எடத்துல இருந்து பாக்காதீங்க, அதுக்குப் பத்து செகண்ட் முன்னாடி ரிவைண்ட் பண்ணிப் பாருங்க. போர்ன்மத்தோட ரெண்டாவது கோல்ல செமென்யோ அவங்க பாதியில பந்த எடுத்துட்டு நேரா நடுவுல ஓடி வர்றாரு, நம்ம பெனால்டி பாக்ஸ் வாசல் வரைக்கும் ஒரு ஆள் கூட உடம்பப் போட்டு மறிக்கல, வான் டைக்கும் கொனாட்டேவும் பின்னாடியே போய்ட்டு இருக்காங்க, ஏன்னா முன்னாடி போய் மறிச்சா அவங்க முதுகுக்குப் பின்னாடி காப்பாத்த ஆள் இல்ல. நேத்து கைசெடோ அடிச்சதும் அந்த மாதிரிதான், நடுவுல பந்தோட வந்தாரு, யாரும் கிட்ட போகல, தூரத்துல இருந்தே மேல் மூலையில சொருகிட்டாரு. பெரிய ஷாட்தான், ஒத்துக்குறேன், ஆனா அடிக்க அவ்ளோ நேரம் யாரு கொடுத்தா?

கேக்க வேண்டிய கேள்வி, நாம அட்டாக் பண்றப்ப பின்னாடி யாரு நிக்கிறாங்கங்குறதுதான். போன வருஷம் ரைட்பேக் அலெக்ஸாண்டர் அர்னால்டு பல நேரம் லைன் ஓரத்துல ஓடாம உள்ள வந்து மிட்ஃபீல்ட் பக்கத்துல நிப்பாரு, பந்து போனாக்கூட நடுவுல ஆள் இருக்கும். இப்ப அவர் ரியல் மாட்ரிட்ல. நாம வாங்குன ரெண்டு ஃபுல்பேக்கும் (ஓரத்துல நிக்கிற டிஃபெண்டருங்க) ஓடுறதுக்குன்னே பொறந்தவங்க, ஃப்ரிம்பாங் லெவர்குசன்ல விங்பேக்கா, அதாவது பின்னாடி மூணு சென்டர்பேக் காவல் இருக்குற டீம்ல ஆடுனவரு, கெர்கெஸ் போர்ன்மத்ல மேட்ச் பூரா ஏறி எறங்குனவரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஏறிட்டா ரெண்டு சென்டர்பேக்கும் கிராவன்பெர்க்கும் மட்டும் அரை கிரவுண்டக் காக்கணும்.

இன்னொன்னு முன்வரிசை. லூயிஸ் டியாஸ் பயர்ன் போனத நாம கோல் கணக்குல மட்டும் பாக்குறோம், அந்த மனுஷன் பந்து போன அடுத்த செகண்டே தொரத்துவாரு, எதிராளி சென்டர்பேக் தலை நிமிந்து பாஸ் அடிக்க முடியாது. சலாவ பின்னாடி வர வேண்டாம்னு முன்னாடியே விட்டு வச்சது போன வருஷம் லாபமான கணக்கு, 29 கோல், 18 அசிஸ்ட், யாரு குறை சொல்லுவா. ஆனா அந்த ஓட்டையை மூட வலது பக்கம் சோபோஸ்லாய் ரெண்டு ஆள் வேலை பாத்தாரு, இப்ப அவரையே பாதி மேட்ச்ல ரைட்பேக்கா எறக்குறோம். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி ஆடுற பத்தாம் நம்பர் எடத்துல விர்ட்ஸ் வந்தாச்சு, அருமையான பிளேயர், ஆனா பந்து போனா சோபோஸ்லாய் ஓடுற ஓட்டம் அவர் ஓட மாட்டாரு. மெக் அலிஸ்டர் ப்ரீ சீசன் சரியா பண்ணல, அது ரெண்டாம் பாதியில அப்பட்டமா தெரியுது. நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டா கடைசியில மாட்டுறது டிஃபென்ஸ்தான்.

கூனர்_கோவை:

ஆர்சனல் ஆளு உள்ள வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா ஆறாம்நம்பர் சொன்னதுல ஒரு எடம் இடிக்குது. நேத்து விர்ட்ஸ் ஸ்டார்ட் பண்ணவே இல்லையே தலைவா. கிராவன்பெர்க், மெக் அலிஸ்டர், சோபோஸ்லாய்னு போன வருஷ மிட்ஃபீல்டேதான் எறங்குச்சு, ரைட்பேக்ல பிராட்லி, அவரும் பழைய ஆள்தான். அப்படி இருந்தும் கைசெடோ 14வது நிமிஷத்துல நடுவுல சாவகாசமா வந்து அடிச்சாரு. அதனால விர்ட்ஸ் மேல பழியப் போடுறது சரியா வராது.

வெளிய இருந்து பாக்குறவனுக்கு உங்க டீம்ல பெரிசா தெரியுறது மேட்ச்ச மூடத் தெரியாததுதான். போர்ன்மத் கூட 2-0 லீட், 2-2 ஆச்சு, 88வது நிமிஷத்துல கியேசா வந்து காப்பாத்துனாரு. நியூகாசில்ல கார்டன் ரெட் கார்டு வாங்கிப் போய்ட்டாரு, அங்கயும் 2-0 லீட், அதையும் விட்டுட்டு கடைசியில 16 வயசுப் பையன் என்குமோஹா பத்து நிமிஷ கூடுதல் நேரத்துல அடிச்சு ஜெயிச்சீங்க. எங்க கூட 83ல சோபோஸ்லாய் ஃப்ரீ கிக் (இன்னும் வலிக்குது), பர்ன்லி கூட 95ல பெனால்டி. எல்லாத்தையும் கடைசி நிமிஷத்துல ஆள முன்னாடி அனுப்பி அனுப்பியே ஜெயிச்சதுல, தொண்ணூறு நிமிஷம் தாண்டினா திறந்து ஆடுறது பழக்கமாப் போச்சு. பேலஸ் 97ல அடிச்சான், செல்சி 95ல அடிச்சான், எந்தக் கதவு வழியா நீங்க ஜெயிச்சீங்களோ அதே கதவு வழியாத்தான் தோத்தீங்க.

அதோட செட் பீஸ், அதாவது கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ மாதிரி நின்னு அடிக்கிற பந்து. பேலஸ் மொத கோல் கார்னர், கடைசி கோல் லாங் த்ரோ. இந்த சீசன் லீக்ல பாதி டீம் த்ரோவ கார்னர் மாதிரி பாக்ஸுக்குள்ள வீசுறாங்க, நியூகாசிலும் பத்து பேரா இருந்தும் நீளமா அடிச்ச பந்துலதான் ஓசுலா சமன் பண்ணாரு. எங்க டீம் 7 மேட்ச்ல 3 தான் வாங்கியிருக்கு, சலிபாவும் கேப்ரியலும் நல்லா ஆடுறது ஒரு காரணம், அதுக்குச் சமமா மொத தடவ தட்டி விட்டதும் கீழ விழுற அந்த ரெண்டாவது பந்துக்கு யாரு போகணும்னு ஆளாளுக்கு வேலை பிரிச்சு வச்சிருக்காங்க.

ஆறாம்நம்பர்:

கைசெடோ கோல் பாயிண்ட் நியாயமானதுதான், மறுக்கல. ஆனா ஆளு அதேங்குறதுக்காக ஆட்டம் அதே இல்ல ப்ரோ. முன்னாடி டியாஸ், ஜோட்டா மாதிரி தொரத்துற ஆள் இல்லாம இசாக் நிக்கிறாரு, அவருக்கு ப்ரீ சீசனே கிடையாது, இன்னும் ஃபிட்னஸ் தேடிட்டு இருக்காரு. மொத வரிசை பிரஸ் (எதிராளியத் தொரத்தி நெருக்குறது) சுலபமா உடைஞ்சா பின்னாடி எந்த மூணு பேர் இருந்தாலும் பின்னாடி பின்னாடி போய்ட்டேதான் இருக்கணும். நான் விர்ட்ஸ் ஒருத்தரையே காரணம்னு சொல்லல.

பினாங்கு_கோப்:

எனக்கு இந்த டாக்டிக்ஸ் எல்லாம் அப்புறம். மொதல்ல ஆள் இருக்கணும்ல? 40 கோடி பவுண்டுக்கு மேல செலவு பண்ணி சம்மர் முடியும்போது சீனியர் சென்டர்பேக் எத்தன பேர், வான் டைக், கொனாட்டே, கோமஸ், அவ்ளோதான். கோமஸ் ஒரு சீசன் முழுசா ஆடி எவ்ளோ நாளாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். குவான்சாவ லெவர்குசனுக்கு வித்தோம். பேலஸ் சென்டர்பேக் கெஹி மெடிக்கல் வரைக்கும் வந்து 3.5 கோடி பவுண்டு பேசி முடிச்ச டீல் கடைசி நாள்ல உடைஞ்சுது, பேலஸ் பதிலுக்கு ஆள் கிடைக்கலன்னு நிறுத்திட்டாங்க, அவங்க எடத்துல இருந்து பாத்தா அது நியாயம்தான். ஆனா நாம ஏன் ஒருத்தரையே நம்பிட்டு செப்டம்பர் 1 வரைக்கும் இழுத்தடிச்சோம்? அதே கெஹி கேப்டனா நின்ன டீம் கிட்டதான் இந்த சீசன் மொத தோல்வி.

லியோனி பையன் 18 வயசு, சௌதாம்ப்டன் கூட கப் மேட்ச்ல மொத மொத எறங்குனான், எவ்ளோ தெம்பா ஆடுனான், அன்னிக்கே முட்டி லிகமென்ட் கிழிஞ்சு சீசனே போச்சு. நேத்து ஹாஃப்டைம்ல சோபோஸ்லாய் ரைட்பேக், கொனாட்டே வெளிய போனதும் கிராவன்பெர்க் சென்டர்பேக். நடுவுல இருக்குற ரெண்டு நல்ல ஆளையும் எடுத்துப் பின்னாடி வச்சா நடுவுல யாரு இருப்பா?

கூனர்_கோவை:

நேத்து செல்சிக்கும் அதே நிலைமைதானே ப்ரோ. சலோபா சஸ்பென்ஷன், கோல்வில் காயம், எறங்குன சென்டர்பேக்கும் மேட்ச்லயே அடிபட்டு வெளிய போனாங்க, கடைசியில ரீஸ் ஜேம்ஸ்தான் நடுவுல நின்னாரு. அவங்க தாக்குப்பிடிச்சு ஜெயிச்சாங்களே.

குரோம்பேட்டை_வலதுபேக்:

நான் ஸ்கூல் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்குறவன், அண்டர் 15. ஆட்ட லெவல் வேற வேறதான், ஆனா இந்தப் பிரச்சனைய நான் வாரா வாரம் கிரவுண்ட்ல பாக்குறேன், அதனால சொல்றேன். எல்லாரும் கொனாட்டேவப் பாக்குறாங்க, அவருக்கு வலது பக்கம் யாரு நின்னாங்கன்னு பாருங்க. போர்ன்மத் கூட ஃப்ரிம்பாங் ஸ்டார்ட் பண்ணி காயமாகி எண்டோ முடிச்சாரு, ஆர்சனல் கூட சோபோஸ்லாய், அப்புறம் பிராட்லி, கலாதசராய்ல மறுபடி சோபோஸ்லாய், நேத்து பிராட்லி ஸ்டார்ட் பண்ணி ஹாஃப்டைம்ல மறுபடி சோபோஸ்லாய். ஒரு சென்டர்பேக் ஒரு சீசன் பூரா ஒரே ரைட்பேக்கோட ஆடுனா திரும்பிப் பாக்காமலே தெரியும், இவன் ஏறியிருக்கானா, எவ்ளோ உள்ள வந்து நிப்பான், விங்கர் வெட்டி உள்ள வந்தா நான் போகணுமா அவன் போவானா. அது தெரியலேன்னா என்ன ஆகும், பந்து வர்றதுக்கு முன்னாடி தலைய வலது பக்கம் ஒரு தடவ திருப்பிப் பாப்பான், அந்த அரை செகண்ட்ல ஸ்ட்ரைக்கர் அவன் இடது தோள் பக்கமா கிளம்பிடுவான். என் பசங்ககிட்ட நான் கத்துறதே இதுக்குத்தான். கொனாட்டே இந்த சீசன் அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குறத நான் நெறைய தடவ கவனிச்சேன்.

கலாதசராய் பெனால்டியும் இதே கதைதான். சோபோஸ்லாய் யில்மாஸ் பக்கத்துல ஓடும்போது கை மேல போய் மூஞ்சில படுது. பழகுன ரைட்பேக் பாக்ஸுக்குள்ள மொதல்ல கைய உடம்போட ஒட்டி வச்சுக்குவான், அது உடம்புல ஊறின பழக்கம். மிட்ஃபீல்டர் பாக்ஸுக்கு வெளியவே ஆடிப் பழகுனவரு, அங்க கை பட்டா வெறும் ஃப்ரீ கிக். அவர் மேல தப்பே சொல்ல மாட்டேன், கேட்ட எடத்துல எல்லாம் ஆடுறாரு, இந்த சீசன் நம்ம பெஸ்ட் பிளேயரே அவர்தான். ஒரே ஒரு ரைட்பேக்க முடிவு பண்ணுங்க, அவன் சுமாரா ஆடுனாலும் பரவால்ல, பத்து மேட்ச் விடுங்க. நான் பிராட்லினு சொல்லுவேன், உடம்பு தாங்குனா.

ரெட்ஸ்_யாழ்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்லுறீங்கள். நான் ஒண்டு சேர்க்கிறன். ஜூலை 3 எங்கட ஜோட்டாவும் தம்பியாரும் செத்துப் போனவை. அடுத்த கிழமையே பிராக்டிஸ், பிறகு மேட்ச், ஒவ்வொரு ஆட்டத்திலயும் 20வது நிமிஷம் ஜோட்டான்ர பாட்டு. ராபர்ட்சன், வான் டைக் எல்லாம் போர்த்துக்கல்ல இருக்கிற கொண்டொமார் வரைக்கும் போய் அடக்கத்தில நிண்ட ஆக்கள். தோத்ததுக்கு அதுதான் காரணமெண்டு நான் சொல்ல வரேல்ல, ஸ்லாட்டும் அப்பிடிச் சொல்லேல்ல. ஆனா கொனாட்டே கவனமில்லாம ஆடுறான், இவன் அக்கறையில்லாம ஆடுறான் எண்டு எழுதேக்க அதையும் மனசில வச்சு எழுதுங்கோ. நண்பன்ர சாவீட்டால வந்த பெடியள் அவங்கள்.

மதுரை_ரெட்:

யாழ் அண்ணே, இத யாராவது சொல்லணும்னு இருந்துச்சு, நன்றி.

எல்லாரும் சொன்னதப் படிச்சதுல எனக்கு ரைட்பேக் விஷயம்தான் ரொம்ப ஒட்டுது, நான் அதை யோசிக்கவே இல்ல. சரி, இப்ப இன்டர்நேஷனல் பிரேக், திரும்பி வந்ததும் 19ஆம் தேதி ஆன்ஃபீல்டுல மான்செஸ்டர் யுனைடெட். ஆலிசன் இல்ல, மமர்தாஷ்விலிதான் நிக்கணும். டேபிள்ல ஆர்சனல் 16 பாயிண்ட், நாம 15, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. நீங்க ஸ்லாட்டா இருந்தா பின்னாடி என்ன பண்ணுவீங்க?

ஆறாம்நம்பர்:

பிராட்லி, கொனாட்டே ஃபிட்னா கொனாட்டே, இல்லன்னா கோமஸ், வான் டைக், இடது பக்கம் ராபர்ட்சன். கெர்கெஸ் மேல கோவம் இல்ல, பர்ன்லி கூட ஹாஃப்டைமுக்கு முன்னாடியே வெளிய எடுத்ததுல இருந்து பையன் பதட்டமா இருக்கான், கொஞ்சம் பெஞ்ச்ல உக்காந்து பாக்கட்டும். யுனைடெட்ல எம்பியூமோ வலது பக்கம் இருந்து நேரா அந்த லெஃப்ட்பேக் முதுகுக்குப் பின்னாடிதான் ஓடுவாரு, அங்க ஏறாம நிக்கிற ஆள் வேணும். பிராட்லி ஏறுனா ராபர்ட்சன் நிக்கணும், ராபர்ட்சன் ஏறுனா பிராட்லி நிக்கணும், கிராவன்பெர்க் எங்கயும் போகக் கூடாது.

குரோம்பேட்டை_வலதுபேக்:

கார்னர், லாங் த்ரோவுக்கு தூர போஸ்ட்ல ஒரு ஆள நிரந்தரமா நிறுத்தச் சொல்லுங்க. பேலஸ் கடைசி கோல்ல என்கெட்டியா நின்ன எடத்தப் பாருங்க, பக்கத்துல ஒருத்தனும் இல்ல. பந்து வெளிய போற வரைக்கும் கவுண்ட்டர் அட்டாக்குக்குன்னு யாரும் முன்னாடி கிளம்பக் கூடாது.

பினாங்கு_கோப்:

ஜனவரில கெஹிக்கு மறுபடி போகணும், காண்ட்ராக்ட் அடுத்த சம்மர்ல முடியுது, கொனாட்டேவுக்கும் அதே சம்மர்தான். ரெண்டையும் சேத்து இப்பவே முடிவு பண்ணலேன்னா அடுத்த ஆகஸ்ட்ல இதே திரெட் திரும்ப ஓடும்.